கையை நனைத்துக்கொண்டு தொடங்குங்கள்: பெங்களூர் இசை நூதனசாலை, கொழும்புக் குடும்பங்களுக்காக

பெங்களூர் ஜே.பி. நகர் ஏழாம் கட்டத்தில் இருக்கும் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் நூதனசாலைக்காக மட்டும் கட்டுநாயக்கவில் விமானம் ஏறத் தேவையில்லை. ஆனால் புட்டபர்த்திக்கோ, வைத்தியத்துக்கோ, கல்யாணச் சேலை எடுக்கவோ எப்படியும் பெங்களூர் போகிற குடும்பம் ஒரு முற்பகலை இதற்கு ஒதுக்கலாம். வீட்டில் மிருதங்கமோ வீணையோ வயலினோ படிக்கிற பிள்ளை இருந்தால் கட்டாயம் ஒதுக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு இராக இலட்சணத்தையும் தாள அங்கங்களையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். தாங்கள் வாசிக்கிற வாத்தியம் ஏன் அப்படி ஒலிக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். அந்தக் கேள்விக்குக் கையால் தொட்டுப் பதில் தேடக்கூடிய இடம் இது.

2019இல் திறந்த இந்த நூதனசாலைக்கு இரண்டு முகம். உள்ளே காட்சிக்கூடங்கள், ஹெட்ஃபோன்கள், தொடுதிரைகள். வெளியே ஒலித் தோட்டம். வருகிறவர்களில் பெரும்பாலானோர் ரிக்கெற்றை வாங்கியதும் குளிரூட்டிய கட்டடத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து வெளியே வரும்போது உச்சி வெயில், கருங்கல் சுடுகிறது, திரை பார்த்துக் களைத்த பிள்ளை எல்லாவற்றிலும் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஓடுகிறது. அப்படிப் போனால் கொடுத்த காசில் பாதி வீண். ஒழுங்கை மாற்றுங்கள்: திறந்தவுடன் தோட்டம், பிறகு வாத்தியக் கூடம், அதன்பிறகே மற்றவை. திங்கட்கிழமை பூட்டு. வார இறுதியில் நேரம் வேறுபடும் என்பதால், கட்டணத்தையும் சேர்த்து முதல் நாளே அவர்களுடைய இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்திலுள்ள பொருட்கள், புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லிலுள்ள ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறையின் கைவேலை. அவற்றில் பாடும் கல்லிடம்தான் ஆட்கள் அதிகம் தோற்றுப்போகிறார்கள். கருங்கல்லில் வரிவரியாக ஆழமாக வெட்டியிருப்பார்கள். அதைத் தட்டக் கூடாது, தடவ வேண்டும். உள்ளங்கையை நன்றாக நனைத்து, மெதுவாக, ஒரே சீராக, ஒரே திசையில் இழுக்க வேண்டும். கை கல்லில் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து, மறுபடி வழுக்குகிறது. அந்த அதிர்வை வெட்டு வரிகளுக்கு நடுவேயுள்ள கல் தகடுகள் பெருக்கிக் காட்டுகின்றன. வயலின் வில்லும் தந்தியில் இதே வேலையைத்தான் செய்கிறது. சத்தம் வராவிட்டால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. கையில் எண்ணெய்ப்பசை இருக்கலாம். காலையில் வெயிலுக்குப் பூசிய கிறீம் ஒன்றே போதும், கல் வாயைத் திறக்காது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். அல்லது அழுத்தம் கூடியிருக்கலாம்; ஆண்கள் பெரும்பாலும் இங்கேதான் பிழைவிடுகிறார்கள், பலத்தைக் காட்டக் காட்டக் கல் மௌனமாகிறது. ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவது நல்லது.

குழிக்குள் தலையை விட்டு முனகிப் பார்க்கும் கல்லில் பிள்ளைகள் உடனே கத்துவார்கள். கத்தினால் காதுதான் அடைக்கும். வாயை மூடி, “ம்ம்ம்” என்று உங்களால் முடிந்த மிகத் தாழ்ந்த சுருதியில் ஆரம்பித்து, இடைவெளி விடாமல் மேலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓர் இடத்தில் மண்டையோடு முழுக்க அதிரும். அதுதான் அந்தக் குழியின் சொந்தச் சுருதி. அதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். ஒரு பக்கம் மூடிய குழியின் ஆழம் 35 சென்ரிமீற்றர் என்று வைத்தால், வினாடிக்கு 340 மீற்றர் என்ற ஒலியின் வேகத்தை அந்த ஆழத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 240 ஹேர்ட்ஸ் வரும். தலை உள்ளே இடத்தை அடைப்பதால் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற அண்ணாவோ அக்காவோ கூட வந்தால் இந்தக் கணக்கை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பரிவை, அதாவது சொந்தச் சுருதி ஒத்துவரும்போது அதிர்வு பெருகுவதை, பாடப்புத்தகத்தில் படிப்பதை விட இது லேசு.

அடித்து வாசிக்கும் குழாய், கட்டை வகைகளில் பார்க்க வேண்டியது நீளம். வீணைத் தந்தியைப் பாதி நீளத்தில் அழுத்தினால் ஒரு ஸ்தாயி (கீழ் ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’ வரை) ஏறும் என்பது வீணைப் பிள்ளைக்குத் தெரியும். தடிப்பு மாறாமல் குழாயைப் பாதியாக்கினால் ஏறுவது ஒன்றல்ல, இரண்டு ஸ்தாயி. தந்தியில் அதிர்வெண் நீளத்துக்கு நேர்மாறு. வளைந்து அதிரும் குழாயில் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு. அதனால்தான் உயரமான குழாய்க்கும் குட்டையான குழாய்க்கும் நீளத்தில் உள்ள வித்தியாசம் நாம் நினைப்பதை விடக் குறைவாகத் தெரியும். குழாயைக் கட்டித் தொங்கவிட்ட இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நுனியிலிருந்து நீளத்தின் 22 வீதமளவில் அதிர்வே இல்லாத ஒரு புள்ளி உண்டு. அங்கே பிடித்தால் நாதம் சாகாது, வேறெங்கே பிடித்தாலும் “டொக்” என்று நின்றுவிடும். கோலால் அடித்தவுடன் கோல் தானாகத் துள்ளி விலக வேண்டும். சின்னவர்கள் கோலைக் குழாயிலேயே அமுக்கி வைத்துக்கொண்டு, சத்தம் வரவில்லை என்று முறையிடுவார்கள்.

உள்ளே வாத்தியக் கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கருவிகள். தோல், துளை, நரம்பு, கஞ்சம் (தாளம் போன்ற உலோகக் கருவிகள்) என்ற நம் பழைய நாற்பகுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றினால் குழப்பம் இல்லை. எல்லாவற்றையும் கேட்க முயலவேண்டாம். பிள்ளை படிக்கிற வாத்தியத்தையும் அதன் தூரத்துச் சொந்தக்காரர் இரண்டையும் எடுத்து ஒப்பிட்டுக் கேட்பது போதும். மிருதங்கப் பிள்ளை தபேலாவிடமும் பக்கவாஜிடமும் போகட்டும். மூன்றுக்கும் பொது, தோலின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம். வெறுந்தோலில் அடிச்சுருதியோடு கூடவே எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால் சுருதி தெளியாது. நடுவில் பாரம் ஏற்றினால் அவை ஒழுங்கான விகிதத்துக்கு வந்துவிடுகின்றன. இதை 1920இலேயே ஆராய்ந்து எழுதியவர் சி.வி. இராமன். தம்பட்டத்தையும் பறையையும் ஏன் ஷட்ஜத்தில் சேர்ப்பதில்லை என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. தவிலுக்கு முன்னால் பெரியவர்கள் நிற்பார்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எந்தப் பதிவும் திருப்தி தராது. அவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

ஒலிப்பதிவின் வரலாற்றைச் சொல்லும் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடினார்; தட்டு ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்குமேல் தாங்காது. மணிக்கணக்கில் விரியும் இராகத்தை மூன்று நிமிடத்தில் முடித்து, கடைசியில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். பாடல் என்றால் மூன்று நாலு நிமிடம் என்று நாம் பழகிப்போனதில் அந்தத் தட்டின் விட்டத்துக்கும் பங்குண்டு. சினிமாப் பாட்டுப் பக்கம் நிற்கும்போது கொழும்பின் பங்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்: ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்த காலத்தில், 1952இல், அமீன் சயானி தொகுத்த பினாக்கா கீத்மாலா என்ற இந்திச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியை இந்தியா முழுக்கக் கேட்க வைத்தது எங்கள் றேடியோ சிலோன்.

ஹெட்ஃபோன்தான் குடும்பத்துக்குத் தொந்தரவு. ஒருவர் கேட்கும்போது மற்றவர் சும்மா நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு அளவெடுத்த ஹெட்ஃபோன் சின்னத் தலையில் நழுவும். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, பக்கத்துப் பக்கத்துத் திரைகளைப் பிடித்து, பிறகு மாறிக்கொள்வதுதான் வழி. துடைக்க ஈரத்தாள் கொண்டுபோங்கள். தொடுதிரை வைத்த எந்த நூதனசாலையிலும் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும். அதனோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள். விளக்கப் பலகைகளைச் சின்னவர்களுக்கு ஆங்கிலத்திலிருந்து நீங்கள்தான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் தோட்டமும் வாத்தியக் கூடமும் போதும், மற்றக் கூடங்களில் இழுபறிதான் மிஞ்சும். எட்டு முதல் பதினாலு வரை உச்சம்.

வந்தே மாதரத்தைப் பல மெட்டுகளில் கேட்கும் இடம் நன்று. இசை நட்சத்திரங்களுக்கான கூடம் அம்மம்மாக்களுக்கு. பிஸ்மில்லா கானின் ஷெனாய், எம்.எஸ். சுப்புலட்சுமியின் சேலை என்று கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கும் பொருட்கள். கொழும்பு நூதனசாலையில் அப்படிப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அதில் புதுமை இல்லை. கண்டி மேளத்தையும் எங்கள் நாட்டுக்கூத்து மத்தளத்தையும் தேடிக்கொண்டு போகவேண்டாம். பெயரிலேயே இந்திய இசை என்று போட்டிருக்கிறார்கள்.

போக்குவரத்தைச் சரியாகக் கணக்கிடாவிட்டால் எல்லாம் பிழைக்கும். கொழும்பிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. ஆனால் விமான நிலையம் நகரின் வட தலையில், நூதனசாலை தென் தலையில். நடுவில் முழு பெங்களூர் வாகன நெரிசலும் இருக்கிறது. காரில் இரண்டு மணித்தியாலம் வைத்தாலும் பல நாட்களில் போதாது. நகருக்குள் தங்குகிறவர்கள் மெட்ரோவின் பச்சைப் பாதையில் எலச்சேனஹள்ளி வரை வந்து, அங்கிருந்து ஓட்டோ பிடித்தால் நேரம் மிச்சம். மத்தியானத்துக்கு ஜே.பி. நகரின் தர்ஷினிக் கடைகளில் நின்றபடியே தோசையும் காப்பியும் மலிவாக முடிந்துவிடும். கதிரை தேவைப்படும் வயதானவர்கள் இருந்தால் உட்கார்ந்து சாப்பிடும் கடையா என்று முதலிலேயே கேளுங்கள். பன்னேர்கட்டா மிருகக்காட்சிப் பூங்காவும் அதே தென்பக்கம்தான் என்று இரண்டையும் ஒரே நாளில் கட்டாதீர்கள், இரண்டும் அரைகுறையாகும். கொழும்புக்குத் திரும்பும் விமானம் மாலையில் என்றால் அன்றைக்கு இந்தப் பக்கமே வரவேண்டாம். வந்த மறுநாள் காலைதான் தோது.