தேரடியிலிருந்து சென்ட்ரல்: மெட்ரோவா, பஸ்ஸா, ரயிலா?

திருவொற்றியூர் தேரடியில் நின்றால் சென்ட்ரலுக்கு மூன்று வழி. தலைக்கு மேலே மெட்ரோ, தரையில் பஸ், மேற்கே கொஞ்சம் நடந்தால் மின்சார ரயில். மூன்றிலும் போட்டிருப்பது அரசுப் பணம். புகையைக் குறைக்க அடுத்த ரூபாயை எதில் போடலாம்?

கணக்கைப் பைக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றுக்கும் நிஜமான எதிரி அதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 50 கிராம். டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ. பஸ் நாலரை கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் 600 கிராம். உள்ளே 40 பேர் இருந்தால் தலைக்கு 15. ஆக, பழைய டீசல் பஸ்ஸே பைக்கை ஜெயித்துவிடும். 12 பேரோடு ஓடினால் மட்டும் சரிக்குச் சரி.

இப்போது மின்சார பஸ். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள பஸ்கள் கிளம்பின, 207.90 கோடி ரூபாயில். கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் செலவு என்று கொள்வோம். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. அதாவது டீசலைவிட ஒரு கிராம்கூடக் குறையவில்லை! மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரி. புகை சாலையை விட்டு அனல்மின் நிலையச் சிம்னிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்தச் சிம்னிகளில் சில அத்திப்பட்டில் நிற்கின்றன, அதுவும் நம்ம பக்கம்தான். எண்ணூரில் சித்தி வீட்டு மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியை உதறினால் தெரியும்.

அதற்காக மின்சார பஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டாப்பிங்கில் நிற்பவன் மூக்கில் டீசல் கரி ஏறாது. சோலாரும் காற்றாலையும் கூடக்கூட அதே பஸ் தானாகவே சுத்தமாகும். டீசல் எஞ்சினுக்கு அந்த வாய்ப்பே இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குத் தாழ்தளம் பெரிய உபகாரம்.

மெட்ரோ விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர், 3,770 கோடி, 2021 பிப்ரவரியில் திறந்தது. நேரம் தவறாது, ஏசி, கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொள்ளாது. பைக்கை வீட்டில் விட வைப்பது இதுதான். ஆனால் அதே பணத்தில், ஓட்டுநர் சம்பளத்தைச் சேர்க்காமல் பார்த்தால், 2,000க்கும் மேற்பட்ட மின்சார பஸ் வந்திருக்கும். பெட்டியும் நாலுதான்.

மூன்றில் யாரும் பேசாதது கும்மிடிப்பூண்டி ரயில். ஏற்கனவே மின்சாரத்தில் ஓடுகிறது, 9 அல்லது 12 பெட்டி, குறைந்த கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் ஆரம்பமே 10. காசிமேட்டில் மீன் எடுத்த அக்காமார்கள் அன்னக்கூடையோடு வெண்டர் பெட்டியில் ஏறிக் கால் நீட்டி உட்கார்வதை அங்கேதான் பார்க்கலாம். மெட்ரோவில் ஒரு கூடையைக்கூட நான் பார்த்ததில்லை. மின்சார ரயிலின் குறை ஒன்றுதான்: அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரம். வடக்கே போகும் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும் அதே தடத்தில் பங்கு கேட்கின்றன.

என் ஓட்டு அந்த ரயிலுக்கு. தனித் தடம் முழுசாகப் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால், புதிய தூண் ஒன்றுகூட நடாமல் மீஞ்சூர் வரைக்கும் பைக்குகள் குறையும். அப்புறம் பஸ்: தேரடிக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே சின்ன வண்டிகள், ரயில் வரும் நேரம் பார்த்து. மெட்ரோவை எண்ணூர் பக்கம் இழுப்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.