1,600 ரூபாய்க்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடி: நாகர்கோவில் பக்கம் ஃபில்டர் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

அலையைப் புகைமாதிரி படம் எடுக்க ஆசைப்பட்டு, 'கையால் செய்தது, மலிவு' என்று ஒருவர் விற்ற ஃபில்டரை வாங்கி ஏமாந்த கதை இது. பணம் போனது போகட்டும். அதை விற்கும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தை யாருடைய கண்ணையாவது கெடுத்துவிடும் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய டி.எஸ்.எல்.ஆர்., கூடவே வந்த 18-55 லென்ஸ். வாய் 58 மி.மீ. அலை புகையாகத் தெரிய ஷட்டர் பல விநாடி திறந்திருக்க வேண்டும்; அதற்காக வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடிதான் என்.டி. ஃபில்டர். கடை பெயர் வேண்டாம். நாகர்கோவிலில் கேமரா ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை.

"அண்ணாச்சி, என்.டி. ஃபில்டர் கிடைக்குமா?"

"கம்பெனி சாதனம்னா உனக்குக் கட்டாது மக்கா. வெல்டிங் கண்ணாடியை வட்டமா வெட்டி வளையத்துல ஏத்தி நானே செஞ்சு வச்சிருக்கேன். பத்து ஸ்டாப். இதை மாட்டிட்டா சூரியனையே நேரா பாக்கலாம், கேட்டியா?"

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்; பத்து ஸ்டாப் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அந்தக் கணக்கையும் அவர் சரியாகச் சொன்னார். அதில்தான் விழுந்தேன். 1,600 கொடுத்தேன். பில் கேட்கவில்லை. என் மடத்தனம்.

அடுத்த சனிக்கிழமை முட்டம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் முக்காலியை நிறுத்தும்போது மணி அஞ்சரை. ஃபில்டர் இல்லாமல் எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, 1/60 விநாடி. பத்து ஸ்டாப்புக்குக் கணக்குப் போட்டால் 17 விநாடி வர வேண்டும். 17 வைத்தேன், படம் வெளிறிப்போனது. குறைத்துக் குறைத்து 6 விநாடியில்தான் சரியாக வந்தது. அதாவது எட்டரை ஸ்டாப்.

அதைக்கூட மன்னிக்கலாம். கூட வந்த நண்பன் போட்டிருந்தது நல்ல கறுப்புச் சட்டை; படத்தில் கருஞ்சிவப்பு. பாறை விளிம்பெல்லாம் எண்ணெய் தடவினதுபோல மழுங்கிக் கிடந்தது. கழற்றிப் பார்க்கலாம் என்றால் வளையம் அசையவே இல்லை. வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுப் பிடித்துத் திருகிய பிறகுதான் விட்டது. மரையில் சூப்பர் குளூ வழிந்திருந்தது. பசையின் ஆவி படிந்து கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளைப் புகை வேறு. நல்லவேளை, லென்ஸில் ஏறவில்லை.

நகத்தால் சுரண்டினேன். உரிந்து வந்தது! உள்ளே இருந்தது சாதாரண யு.வி. ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்காத தெளிவான கண்ணாடி. அதன்மேல் கார் கண்ணாடியில் ஒட்டும் சன் ஃபிலிம், இரண்டு அடுக்கு. வெல்டிங் கண்ணாடி மருந்துக்குக்கூட இல்லை. (2012-ல் உச்ச நீதிமன்றம் கார்களில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னதே, அப்போது மிஞ்சின ரோல்கள் எங்கே போயின என்று இப்போது தெரிகிறது.)

சட்டை ஏன் சிவந்தது? இந்த மாதிரி ஃபிலிம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத்தான் அடக்குகிறது. அகச்சிவப்புக் கதிரைத் தாராளமாக விட்டுவிடுகிறது. கேமராவுக்குள் அதைத் தடுக்க ஒரு கண்ணாடி உண்டு, ஆனால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். மற்ற வெளிச்சத்தையெல்லாம் நானூறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியும்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். டி.வி. ரிமோட்டை மொபைலின் முன்பக்க கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அமுக்குங்கள். அதன் பல்ப் மினுங்குவது திரையில் தெரியும். இப்போது நடுவில் ஃபில்டரை வையுங்கள். அப்படியும் பல்ப் பளிச்சென்று தெரிந்தால் வாங்காதீர்கள். நிஜ வெல்டிங் கண்ணாடி அகச்சிவப்பையும் சேர்த்து அடைக்கும். வெயிலுக்கு நேரே இல்லாமல் ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் பச்சையாகவும் இருக்கும். என்னிடம் வந்தது சாம்பல் நிறம்.

சூரியனைப் பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். கன்னியாகுமரியில் தினமும் எத்தனை பேர் உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் கேமராவோடு நிற்கிறார்கள்! இந்த ஃபிலிமை மாட்டி டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டரில் சூரியனைப் பார்த்தால் லென்ஸ் குவித்துக் கொடுக்கும் அகச்சிவப்பு நேரே விழித்திரைக்குப் போகும். இருட்டாகத் தெரிவதால் கண் கூசாது, விழித்திரைக்கு வலியும் தெரியாது. 2010 ஜனவரி 15, வளையக் கிரகணத்தன்று எங்கள் தெருவில் கைமாறிக் கைமாறிப் பார்த்தது 14-ஆம் நம்பர் வெல்டிங் கண்ணாடி (நம்பர் கூடக் கூட இருட்டும் கூடும்). படமெடுக்க உதவும் 10-ஆம் நம்பர் வழியாகக்கூடச் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. கேமராவின் திரையில் பாருங்கள், போதும்.

உரித்த ஃபிலிமோடு கடைக்குப் போனேன். "கையால செஞ்சா அப்படி இப்படித்தான் இருக்கும் மக்கா" என்றார். கையால் செய்வதில் என்ன தப்பு? வெல்டிங் கண்ணாடி என்று சொல்லிவிட்டு ஃபிலிம் ஒட்டியதுதான் தப்பு என்றேன். பில் இருக்கா என்றார். நுகர்வோர் உதவி எண் 1915 ஞாபகம் வந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் எதைக் காட்ட? திரும்பி வந்துவிட்டேன், வாய்க்குள் 'சவம்' என்று சொல்லிக்கொண்டு.

அப்புறம் கோட்டாறு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் 10-ஆம் நம்பர் கண்ணாடி வாங்கினேன். 40 ரூபாய். வெல்டிங் ஹெல்மெட் ஷீல்டுக்குப் போடும் அகலமான அளவு கேளுங்கள். இரண்டு அங்குல அகலத்தில் வருவது 58 மி.மீ. வாயை மூடாது. வெட்ட வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். லென்ஸ் ஹுட்டின்மேல் வைத்து இரண்டு ரப்பர் பேண்டால் கட்டி, இடுக்கில் வெளிச்சம் நுழையாமல் கறுப்புத் துணி சுற்றினால் தீர்ந்தது. முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு கண்ணாடியைக் கட்டுங்கள். கட்டினபின் ஒன்றும் தெரியாது. 8-ஆம் நம்பர்தான் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 என்றால் ஏறக்குறைய ஏழாயிரத்தில் ஒரு பங்கு. அதே 1/60 இப்போது இரண்டு நிமிடம் ஆகும். நாம் விடும்வரை ஷட்டரைத் திறந்தே வைக்கும் 'பல்ப்' மோடும் கேமரா ரிமோட்டும் வேண்டும். படம் பச்சையாகத்தான் வரும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் படம்) எடுத்து, நிறச் சாயலைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை இழுத்தால் பாதி சரியாகும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, கறுப்பு வெள்ளையாக்கிவிடுகிறேன். சங்குத்துறையில் எடுத்த படம் ஒன்று இப்படித்தான் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் இன்னும் மூன்று ஃபில்டர் இருக்கின்றன: 52, 58, 67. விலைச் சீட்டில் 1,800 என்று போட்டிருக்கிறது.