மக்களைத் தேடி மருத்துவம்: வீட்டுக்கு வர்ற பிசியோ எப்படி இருக்கு?

ஸ்ட்ரோக் வந்தவங்க வீட்ல இருந்தா இதை படிங்க. அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்துருச்சு, ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில (பேர் வேணாம்) உயிரை காப்பாத்தி குடுத்தாங்க அதுல குறையே இல்ல, ஆனா டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாத்திரை சீட்டை நீட்டிட்டு "பிசியோ பாத்துக்கோங்க"ன்னு ஒரே வார்த்தை, எங்க போறது யாரை பாக்குறதுன்னு ஒருத்தரும் சொல்லல. வெளிய ஒரு தடவைக்கு கேக்குற ரேட்டு மாசக்கணக்குல நமக்கு கட்டுப்படியாகாது.

தெருவுல பிரஷர் மாத்திரை குடுக்க வர்ற அக்காதான் வழி சொன்னாங்க. 'மக்களைத் தேடி மருத்துவம்'னு தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம் இது, சுகர் பிபி மாத்திரை வீடு தேடி வரும்னு எல்லாருக்கும் தெரியும், பிசியோவும் வரும்ங்கறது நிறைய பேருக்கு தெரியறதில்ல. காசு கிடையாது.

வந்த பிசியோ மேடம் கால்ல கையே வைக்கல, அப்பா எப்படி எந்திரிக்கிறார்னு தான் முதல்ல பாத்தாங்க. விழுந்த கையை புடிச்சு இழுக்கவே கூடாதாம், தோள் மூட்டு நழுவிருமாம், இடுப்புல துண்டை சுத்தி அதை புடிச்சு எப்படி தூக்குறதுன்னு அம்மாவை செய்ய வச்சே சொல்லிக் குடுத்தாங்க. பக்கத்து வீட்டு மாமா வாங்கிட்டு வந்த ரப்பர் பந்தும் வேணாம்னுட்டாங்க, விரல் ஏற்கனவே இறுகி கிடக்கு அதை விரிக்கிற பயிற்சிதான் வேணும்னு. காலண்டர் தாள் பின்னாடி எல்லாத்தையும் எழுதி செவுத்துல ஒட்டிட்டு போனாங்க. இப்ப அப்பா வாக்கர் புடிச்சு திண்ணை வரைக்கும் வர்றார்.

ஆனா தினமும் வருவாங்கன்னு நினைக்காதீங்க, பிளாக் முழுக்க சுத்தி வரணும் அவங்க. நடுவுல அவங்க வராத நாளெல்லாம் வீட்டாளுங்கதான் செய்யணும், அது முடியாதுன்னா இது பிரயோஜனப்படாது. பேச்சு குழறுறவங்களுக்கு ஸ்பீச் தெரபி இதுல வராது, அதுக்கு பெரிய ஆஸ்பத்திரிதான்.

இந்த ரீஹேப், அதாவது முடங்கினவங்களை திரும்ப இயங்க வைக்கிற மருத்துவம் எல்லாம் நம்ம நாட்டுக்கு புதுசு இல்லீங்க. மும்பை ஹாஜி அலில மத்திய அரசோட நிலையம் 1955லேயே வந்தாச்சு. வேலூர் சிஎம்சில மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டர், 1954ல கார் ஆக்சிடென்ட்ல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்கு கீழ செயலிழந்தும் வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க, அப்புறம் நியூயார்க் போய் இதையே படிச்சுட்டு வந்து 1966ல வேலூர்லயே ரீஹேப் ஆஸ்பத்திரி திறந்தாங்க. அவ்ளோ முன்னாடி ஆரம்பிச்சது கிராமத்து வாசல்படிக்கு வர 2021 ஆகிருக்கு, எனக்கு அதான் ஆத்திரம். இன்னொன்னு, பிஎம்ஆர்னு (பிசிக்கல் மெடிசின் அண்ட் ரீஹேபிலிடேஷன்) இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க, பிசியோ வேற இவங்க வேற, கை கால் ரொம்ப இறுகுனாலோ யூரின் பிரச்சனைன்னாலோ மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில அந்த ஓபி இருக்கான்னு கேளுங்க.

பதியறதுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் ரெண்டும் எடுத்துட்டு உங்க ஏரியா பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) போங்க. வீட்டுக்கு வந்த மறுநாளே போயிருங்க, ஸ்ட்ரோக்ல முதல் மூணு மாசம்தான் நல்லா தேறும்.