ஏழு எங்கே, இங்கே எது?

ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை வரும்படி நிரப்பும் புதிர்தான் சுடோகு. அதில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே உட்காரும் என்று தேடலாம். இல்லையென்றால் ஒரு காலிக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இங்கே எது வரும் என்று பார்க்கலாம். காரைக்குடி வீட்டில் ஆயா, அதாவது என் பாட்டி, முதல் கட்சி, நான் இரண்டாவது. ஒரே புதிரை இரண்டு தாளில் எடுத்து வளவு என்கிற உள்முற்றத்துத் தூணோரம் உட்கார்ந்தால், பாதி வரைக்கும் ஆயாதான் முன்னே போவார்.

ஆயாவுக்கு ஒன்பது என்றால் நகரக் கோவில்கள், அதாவது நகரத்தாரின் ஒன்பது கோவில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று விரல்விட்டுக்கொண்டே போய், விட்டுப்போனது சூரக்குடியா நேமமா என்று சட்டென்று சொல்லிவிடுவார். சுடோகுவிலும் அதே கணக்குதான். மேல் மூன்று பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப் பெட்டியில் 7 முதல் வரிசையில் இருக்கிறது, வலப் பெட்டியில் இரண்டாம் வரிசையில். அப்படியானால் நடுப் பெட்டியின் 7 மூன்றாம் வரிசையில்தான் வரவேண்டும். அங்கே உள்ள மூன்று கட்டங்களில் ஒன்றில் ஏற்கெனவே 4. இன்னொன்றுக்கு நேர் கீழே, அதே நெடுவரிசையில், ஒரு 7. மிச்சம் ஒரே இடம். எழுத்து வேலையே இல்லை, கண் மட்டும் ஓடினால் போதும்.

என் வழியில் அதே கட்டத்துக்கு வரிசையில் 1, 2, 5, 8, நெடுவரிசையில் 3, 9, பெட்டியில் 4, 6 என்று எட்டையும் கழித்த பிறகுதான் 7 கிடைக்கும். ஒன்றை எண்ண மறந்தால் போச்சு. தொடக்கத்தில் காலிக் கட்டங்கள் ஐம்பது இருக்கும்போது இது வெட்டி வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1979இல் அமெரிக்காவில் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கிய இந்தப் புதிருக்கு முதலில் 'நம்பர் பிளேஸ்' என்றுதான் பெயர். சுடோகு என்பது பிறகு ஜப்பானில் வந்தது. எண்ணுக்கு இடம் பார்ப்பது என்றால், பெயரே ஆயா கட்சி!

ஆனால் நடுத்தரப் புதிர்களில் ஆயா ஓரிடத்தில் நின்றுவிடுவார். அப்போது ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் வரக்கூடிய எண்களைப் பென்சிலால் பொடியாக எழுதிவைக்காமல், அதாவது பொடி எண்கள் இல்லாமல், நகர முடியாது. ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களுக்கு 2, 6 மட்டுமே மிஞ்சினால், அந்த இரண்டும் அங்கேயே முடிந்துவிட்டன; வரிசையின் மற்ற கட்டங்களில் 2, 6 இரண்டையும் அடித்துவிடலாம். இதை மனசுக்குள் வைத்துப் பார்க்க எனக்கு வராது, ஆயாவுக்கும் வராது. அதனால் பொடி எண்ணை முதலிலேயே எல்லாக் கட்டத்திலும் நிரப்பாதீர்கள். கண் ஓய்ந்த பிறகு, நெரிசலான வரிசையில் மட்டும் எழுதினால் போதும்.

கைப்பேசிச் செயலிகள் மூன்றாவது வழி. தொட்டால் பொடி எண்களைத் தானே நிரப்பும், தப்பென்றால் சிவப்பு காட்டும். எனக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு வரும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கே ஒரு மாதம் ஒட்டிக்கொண்டது. ஒழுங்காக அமைத்த புதிருக்கு ஒரே விடைதான். பெரும்பாலும் ஊகிக்கத் தேவை வராது.

இப்போதெல்லாம் ஒரே தாள்தான். ஆயா சுற்றி வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் தள்ளுவார்: "இந்தாப்பா, இனி உன் பொடி எழுத்து."