குழாயையும் கொண்டுவரச் சொன்ன கடை

பெங்களூரில், தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் வீட்டு உபயோகத்துக்கான பிரஷர் வாஷரைப் பழுதுபார்க்க நம்பகமான இடம் தேடுவோருக்காக இதை எழுதுகிறேன். அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்கு அருகிலுள்ள சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல், மோட்டார்களுக்குக் காயில் கட்டும் சிறு கடை ஒன்று இருக்கிறது. வேறோர் இடத்தில் பம்பையே மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட என் இயந்திரம், சென்ற மாதம் அங்கே 1,150 ரூபாயில் சரியானது.

இயந்திரம் 2021-இல் வாங்கியது. 1,600 வாட் திறன் கொண்டது. காரையும் பாசி பிடிக்கும் மொட்டைமாடியையும் கழுவுவதற்குத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த அறிவிப்பு எனக்கு நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து காவிரித் தண்ணீரை இந்த இயந்திரத்துக்குக் கொடுப்பதில்லை. மழைநீர்த் தொட்டியில் ஓர் உறிஞ்சு குழாயை இறக்கி அதிலிருந்து இழுத்துக்கொள்வோம். கோடையில் தொட்டி வற்றினால் போர்வெல் தண்ணீரை அதில் நிரப்புவோம். பழுதின் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதலில் நீரின் வேகம் சீராக இல்லாமல் ஏறி இறங்கித் துடித்தது. பிறகு, தண்ணீர் பீய்ச்சும் கைத்துப்பாக்கியின் விசையை விட்ட பின்னும், சில நொடிகளுக்கு ஒருமுறை மோட்டார் தானாகவே ஓடி நின்றது. விசையை விட்டால் தானே நின்றுவிடும் வகை இயந்திரங்களில் இது ஒரு தெளிவான அறிகுறி: உள்ளே அடைபட்டிருக்க வேண்டிய அழுத்தம் எங்கோ கசிகிறது, அது குறையும்போதெல்லாம் சுவிட்ச் மோட்டாரை மீண்டும் எழுப்புகிறது. இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்துக்கு எடுத்துச் சென்றேன். திறந்துகூடப் பார்க்காமல், பம்ப் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கூறி, புதிய இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். பம்புக்குள் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்ற கேள்விக்கு, அப்படிக் கொடுக்கும் வழக்கமில்லை என்பதே பதில். நான்கு ஆண்டுகள் நன்றாக உழைத்த பொருளை இப்படிக் கைகழுவிவிடச் சொல்வது எனக்கு மிகவும் வருத்தமளித்தது.

அல்சூர் கடைக்காரரை அலுவலக நண்பர் ஒருவர் சொல்லித் தொலைபேசியில் அழைத்தேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கும் வயது. இயந்திரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "எந்தத் தண்ணி சார் குடுக்குறீங்க? இழுக்குற குழாயையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க" என்றார். சேவை மையத்தில் யாரும் கேட்காத கேள்வி இது.

கடையில் அவர் முதலில் கையில் எடுத்ததும் குழாயைத்தான். ஒரு முனையை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதினார். கிளாம்ப் போட்டிருந்த இடத்தில் குமிழிகள் வரிசையாக எழுந்தன. தண்ணீரோடு சேர்ந்து அந்த வழியாகக் காற்றும் பம்புக்குள் போயிருக்கிறது. பம்பின் சீல்களுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, அதுவே வழவழப்பும். காற்று கலந்தால் அவை சூடேறித் தேய்ந்துவிடுகின்றன. பிறகு பம்பை என் கண்ணெதிரே பிரித்தார். உள்ளே சாய்தட்டு ஒன்று சுழன்று மூன்று பிஸ்டன்களை மாறி மாறித் தள்ளுகிறது; ஒவ்வொன்றுக்கும் நீர் நுழைய ஒரு வால்வு, வெளியேற ஒரு வால்வு. வெளியேறும் வால்வு ஒன்றின் இருக்கையில் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த வால்வு முழுதாக மூடாததால் மூன்று தள்ளல்களில் ஒன்று வீணாகியிருக்கிறது. நீர் துடித்ததன் காரணத்தை அங்கேயே விரல் வைத்துக் காட்டினார்.

வால்வுகளை எலுமிச்சை உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்தார். தேய்ந்த சீல்களையும் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்களையும் அளவெடுத்து, உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் பொருத்தினார். மோட்டாரின் கார்பன் பிரஷ்களைக் கழற்றிப் பார்த்து, இன்னும் நீளம் இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்று சொல்லித் திரும்பப் போட்டுவிட்டார். மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. கழற்றிய பழைய சீல்களை ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார்.

அவர் சொல்லித்தந்த பழக்கங்களைக் கடந்த ஐந்து வாரங்களாகக் கடைப்பிடிக்கிறேன். மோட்டாரைப் போடுவதற்கு முன் உறிஞ்சு குழாயைத் தண்ணீரால் நிரப்பிக்கொள்கிறேன். தொட்டியிலிருந்து இழுக்காமல் நேரடியாகத் தண்ணீர்க் குழாயில் இணைத்தால், விசையை அழுத்திப் பிடித்து, காற்று போய்த் தாரை சீராகும்வரை விட்டபிறகே சுவிட்சைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை அடைத்து, விசையை ஒருமுறை அழுத்தி உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும்; இல்லையெனில் அடுத்த முறைவரை சீல்கள் அந்தப் பாரத்தைத் தாங்கியபடியே கிடக்கும். நுழைவாய் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன். தண்ணீர் வெளியேறும் முனையான நாசிலின் துளையைக் குத்தி எடுக்க மெல்லிய ஊசி ஒன்றை இயந்திரத்தோடே கட்டிவைத்திருக்கிறேன். சோப்பு பயன்படுத்திய நாளில், நல்ல தண்ணீரை இரண்டு நிமிடம் ஓடவிட்டே மூடிவைக்கிறோம். மாடிக்கு நான் இழுத்திருந்த மெல்லிய நீள ஒயரையும் மாற்றச் சொன்னார்; அதில் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடாகும் என்பதால், தடித்த ஒயர் வாங்கி 16 ஆம்பியர் பிளக்கில் இணைத்தேன்.

குறைகளும் உண்டு. மூன்று நாள் என்றவர் ஆறு நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு முறை வீணாக அலைந்தேன். அச்சடித்த ரசீது இல்லை, ஒரு தாளில் எழுதித்தான் தருகிறார். எழுத்துபூர்வமான உத்தரவாதமும் கிடையாது. மீண்டும் கசிந்தால் கொண்டுவாருங்கள் என்ற வாய்ச்சொல் மட்டுமே. நிறுவனத்தின் உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தை இங்கே பிரிக்கக் கொடுப்பது சரியாக இருக்காது. மற்றவர்கள் தயங்காமல் கொடுக்கலாம்.

சந்துக்குள் கார் நுழையாது. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு சிறிது தூரம் நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் காலை பத்தரைக்குத் திறக்கிறார். செல்பேசியிலேயே பணம் செலுத்தலாம். போகும்போது குழாய், துப்பாக்கி, நாசில் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள்; இயந்திரத்தை மட்டும் கொண்டுபோனால் மற்றவற்றையும் எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.