கடைப் பாட்டு: நேரலையா, பெட்டியா?

பல கிளைகள் உள்ள கடைக்குப் பாட்டு அனுப்ப இரண்டு வழி: தலைமையகத்திலிருந்து இணைய நேரலை, அல்லது இரவில் இறக்கிவைத்துப் பகலில் ஓட்டும் பிளேயர் பெட்டி.

நேரலை 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) என்றால் மணிக்குச் சுமார் 58 எம்பி. தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 20 ஜிபி தாண்டும். டேட்டா செலவு பெரிதில்லை. பில் போடும் கணினியும் அதே லைனில் தொங்குவதுதான் வினை: சனிக்கிழமை மாலை லைன் திணறினால் பாட்டு பாதி வரியில் நின்றுவிடும். ராவுட்டரில் பில்லுக்கு முன்னுரிமை கொடுத்து, பிளேயரில் 30 விநாடி பஃபர் (முன்கூட்டியே இறக்கிவைக்கும் பாட்டு) வைத்தால் சின்னத் திணறல் வெளியே தெரியாது. பாட்டுக்கு நடுவே வரும் சலுகை அறிவிப்பை, சரக்கு தீர்ந்ததும் எல்லாக் கிளையிலும் உடனே நிறுத்தலாம். இதன் பலமே அதுதான்.

பெட்டியில் 4 நிமிடப் பாட்டு சுமார் 4 எம்பி. 2,000 பாட்டுக்கு 16 ஜிபி கார்டே தாராளம். நெட் போனாலும் பாடும், அதனால் எங்கள் ஓட்டு இதற்கே. ஆனால் கடிகார பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய்வந்ததும் நேரம் பிசகி, ‘காலை வணக்கம்’ இரவு 9 மணிக்கு ஒலிக்கும். முடிந்த தள்ளுபடியையும் கூவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அறிவிப்புக் கோப்புக்கும் காலாவதித் தேதி போடுங்கள்.

உரிமம் இரண்டுக்குமே வேண்டும். ஒலிப்பதிவுக்குத் தனி, பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனி. மேலாளரின் கைபேசி ஆப் சந்தா கடைக்குச் செல்லாது.