நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுத: செட்டில்மென்டா, உயிலா, பாகப்பிரிவினையா?

எந்தப் பத்திரம் போடுவது என்று யோசிக்கும் முன், நிலம் கைக்கு எப்படி வந்தது என்று தாய்ப்பத்திரத்தை (நிலத்தின் மூலப் பத்திரத்தை) பார்க்க வேண்டும். சொந்தக் காசில் கிரயம் வாங்கியது சுயசம்பாத்தியம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். இந்துக் குடும்பத்தில் பூர்வீகச் சொத்து என்றால் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அதைத்தான் சொன்னது. திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 'அப்பா வழியில் வந்தது' எல்லாமே பூர்வீகம் ஆகிவிடாது. அப்பா தன் காசில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, வாரிசாக உங்களுக்கு வந்த நிலம் உங்கள் தனிச்சொத்துதான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விசித்திரம் உண்டு. பிரிக்காத பூர்வீக நிலத்தில் தன் பங்கை மற்ற பங்காளிகள் சம்மதமில்லாமல் ஒருவருக்குச் செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதினால் அது செல்லாது. அதே பங்கை உயிலில் எழுதினால் செல்லும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது.

செட்டில்மென்ட்

பதிவான நாளிலேயே உரிமை கைமாறிவிடும். வில்லங்கச் சான்றில் ஏறும், பட்டா மாறும், மகன் பெயரில் கடன் வாங்கலாம். அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற வட்டத்துக்குள் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்தியபடி அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. வழிகாட்டி மதிப்பு (நிலத்துக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) 30 லட்சம் என்றால் 30,000-மும் 10,000-மும் ஆகும். மருமகள், மருமகன் இந்த வட்டத்தில் இல்லை. அவர்கள் பெயருக்கு எழுதினால் தீர்வை 7 சதவீதம்.

சிக்கல் பிறகுதான் வரும். எழுதிக் கொடுத்தவர் மனம் மாறி, தானாக ரத்துப் பத்திரம் போட்டால் செல்லாது. பெற்றோரை மகன் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து கேட்கலாம். ஆனால் 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையின் பேரில்தான் எழுதிக் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும் என 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் இந்தப் பிரிவைப் பெற்றோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்பை நம்பி இருப்பதைவிட, பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவது புத்திசாலித்தனம்: 'எங்கள் ஆயுள்வரை உணவு, இருப்பிடம், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும், தவறினால் இந்த செட்டில்மென்டை ரத்து செய்ய எங்களுக்கு உரிமை உண்டு.'

அதோடு ஆயுள்கால அனுபோக உரிமையையும் எழுதிக்கொள்ளலாம்: உரிமை இன்றே மகனுக்கு, பெற்றோர் சாகும்வரை விளைச்சல் அவர்களுக்கு. இது செல்லும் என்று 2014-லேயே தீர்ப்பு உண்டு. வாசகத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'எங்கள் ஆயுளுக்குப் பிறகு நீ அடைந்துகொள்' என்று மட்டும் எழுதினால், மேலே செட்டில்மென்ட் என்று போட்டிருந்தாலும் நீதிமன்றம் அதை உயிலாகத்தான் பார்க்கும். எழுதியவர் பிற்பாடு அதை மாற்றியும் எழுதலாம். அப்படியே நகல் எடுத்துப் போடும் மாதிரிப் பத்திரங்களில் இந்தக் கோளாறு ஏராளம்.

உயில்

முத்திரைத்தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை, எத்தனை முறையும் மாற்றலாம். கொடுப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பு எதிலும் இல்லை. வாங்குபவருக்கோ எதுவும் உறுதியில்லை: வில்லங்கச் சான்றில் உயில் வராது, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பதிவு அலுவலகத்தில் நகலும் வேறு யாருக்கும் தரமாட்டார்கள்.

இரண்டு சாட்சிகள் வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் இளைய, உள்ளூரிலேயே இருக்கும் ஆட்களைப் போடுங்கள். பயன் அடையும் மகனே எழுத்தரைக் கூட்டிவந்து, பக்கத்தில் நின்று கைநாட்டு வாங்கினால் சந்தேகம் அங்கேயே பிறக்கும். மகளுக்கு ஒன்றும் இல்லையென்றால் ஏன் என்று காரணம் எழுதுங்கள். பட்டா மாறுதலுக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். ஒரு வாரிசு ஆட்சேபணை கொடுத்தால் போதும், வட்டாட்சியர் 'சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்' என்று எழுதி அனுப்பிவிடுவார்.

(முஸ்லிம் குடும்பங்களில் வாரிசுகள் ஒப்பாவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது. பிள்ளை போன்ற ஒரு வாரிசுக்கே எழுதுவதென்றால், சன்னி முறையில் எவ்வளவு எழுதினாலும் மற்ற வாரிசுகளின் ஒப்புதல் வேண்டும்.)

பாகப்பிரிவினை

பூர்வீக நிலத்துக்கு இதுதான் நேர்வழி. பங்கு உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்; கல்யாணமாகிப்போன அக்காவை விட்டுவிட்டுப் போட்ட பாகம் என்றைக்கானாலும் உடையும். தீர்வை, கட்டணம் இரண்டுக்கும் அதே 1 சதவீதமும் அதே உச்சவரம்பும்தான், ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக. செலவுக்குப் பயந்து வெறும் தாளில் கூர்சீட்டு (பதிவு செய்யாத பாகக் குறிப்பு) எழுதிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்ததைக் குறித்து வைத்தால் அது நிற்கும். அந்தச் சீட்டாலேயே பிரிக்கிறோம் என்று எழுதினால் பதிவில்லாமல் சாட்சியத்துக்கு எடுக்க மாட்டார்கள்.

அப்பாவின் சுயசம்பாத்திய நிலத்துக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே மகளிடம் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்குவதை நம்பாதீர்கள். இன்னும் வராத உரிமையை விடுதலை செய்ய முடியாது.

எங்கள் கணிப்பில், பூர்வீகம் என்றால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பாகப்பிரிவினை போட்டு, அவர்களுக்கும் ஒரு பாகம் ஒதுக்கி, அந்தப் பாகத்துக்கு மட்டும் உயில் எழுதுவது மேல். சுயசம்பாத்தியம் என்றால், பிள்ளை கடன் வாங்கவோ உழுது முதலீடு போடவோ வேண்டியிருந்தால் மட்டும் பராமரிப்பு நிபந்தனையோடு செட்டில்மென்ட். இல்லாவிட்டால் உயில் போதும்.

செட்டில்மென்டோ பாகமோ, சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, செக்குபந்தியோடு (நான்கு பக்க எல்லை விவரத்தோடு) நிறுத்திவிடுகிறார்கள். சண்டை வருவதோ கிணற்றிலும் தடத்திலும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்த நாள் யார் முறை, மோட்டார் யாருடையது, இலவச மின் இணைப்பு எண் என்ன, பின்பக்கத்து வயலுக்கு வண்டி போக எத்தனை அடி அகலத்தில் எந்த வரப்பு ஓரமாகத் தடம் என்று எழுத வேண்டும். 'மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட' என்ற பழைய வாசகத்தை வைத்து டிராக்டர் போக அகலம் கேட்க முடியாது. கையெழுத்துக்கு முன்பே சர்வேயரை வைத்து அளந்து வரைபடத்தைப் பத்திரத்தோடு இணையுங்கள். பதிவு முடிந்ததும் உட்பிரிவுக்கு மனுப்போட்டுத் தனிப்பட்டா வாங்குங்கள். கூட்டுப்பட்டாவாகவே விட்டுவைத்தால் பயிர்க்கடன் வாங்கும்போது மற்றவர் சம்மதம் கேட்டு அலைய நேரும்.